இருநூற்றுத் தொண்ணூற்றொரு டிகிரி குளிர்

அன்று காலை பூங்கொடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது அவள் கையில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் புட்டி இருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். எண்ணெய் அசையவில்லை. வெள்ளை மெழுகு மாதிரி புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கிராணி, புது ட்ரையர் எவ்ளோ சூடுன்னு காட்டுது தெரியுமா?"

"எவ்ளோ?"

"எரநூத்தித் தொண்ணூத்தொண்ணு."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ட்ரையர் என்பது தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தும் பெரிய இரும்புப் பெட்டி. வழக்கமாகத் தொண்ணூற்றைந்து டிகிரியில் ஓடும். அதற்கே பக்கத்தில் நிற்பவர் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்றால் தொழிற்சாலையின் கூரை இந்நேரம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் போய் விழுந்திருக்க வேண்டும்.

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறே? எல்லாரையும் வெளிய ஓடச் சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்கு ஓடணும்? இந்தப் புட்டிய காலைலேர்ந்து அது மேலதான் வச்சிருக்கேன். எண்ணெ உருகல. என் கையத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். ஐஸ் கட்டி.

எண்ணெய் சொல்லும் பாடம்

இந்த எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கேமரன் மலையில் தேங்காய் எண்ணெய் எப்போதும் உறைந்தே இருக்கும். கீழே, வெயில் ஊரான கிள்ளான் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. கல்யாணமாகி சரோஜாவின் ஊரான இந்த எஸ்டேட்டுக்கு வந்த புதிதில், கடைக்காரர் எனக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகுவர்த்தி விற்றுவிட்டதாக நினைத்துச் சண்டைக்கே போனேன்.

அந்த முதல் வாரம் நான் மோட்டார் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். காது குளிர்ந்தால் என்னால் தாங்க முடியாது. "உங்க மாப்பிள்ளை ராத்திரி எங்க கெளம்பினாரு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டதாகச் சரோஜா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

தொழிற்சாலைப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் வேலைக்கு வந்ததும் ஆளுக்கொரு எண்ணெய்ப் புட்டியைப் பழைய ட்ரையரின் மேல் வரிசையாக வைத்துவிடுவார்கள். டீ குடிக்கும் நேரத்தில் எண்ணெய் உருகி, தொட்டால் இதமாக இருக்கும். உலர்ந்த தேயிலையின் வாசனையும் சூடான தேங்காய் எண்ணெயின் வாசனையும் கலந்து வரும். அந்த வாசனை வந்தால் இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று பொருள். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

என்னை அங்கே எல்லோரும் கிராணி என்றுதான் கூப்பிடுவார்கள். எஸ்டேட்டில் கிராணி என்றால் குமாஸ்தா. என் நியமனக் கடிதத்தில் 'நிர்வாக உதவியாளர்' என்று போட்டிருந்தது. அதை ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. மேலாளர் ஜெயபாலனுக்கும் அதே கதைதான். ஈப்போவில் படித்து, அலுமினியப் பெட்டியில் மடிக்கணினியோடு வந்த மனிதர் அவர். வந்த அன்றே துரையாகிவிட்டார்.

பழைய ட்ரையர் கிழடுதட்டிப் போய்விட்டது. துரை தலைமை அலுவலகத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வெளிநாட்டிலிருந்து புதியதொன்றை வரவழைத்தார். முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடித் திரை. எல்லாமே விரலால் தொட்டால் நடக்கும். ஈப்போவிலிருந்து ஆ லெங் என்ற மெக்கானிக் வந்து பொருத்தினான்.

அதை ஓட்டும் பொறுப்பு பூங்கொடிக்கு. எங்கள் தொழிற்சாலையில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ட்ரையரில் நின்றதில்லை. பழைய ஆள் ஓய்வு பெற்றபோது அவள் நேரே போய்த் துரையிடம் கேட்டாள். இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தது. சனிக்கிழமை ஆ லெங்கும் அவளும் ஓட்டிப் பார்த்தார்கள், அருமையாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை போட்டோம். திங்கட்கிழமை காலையில்தான் இந்த இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

K என்றால் என்ன

நான் போய்ப் பார்த்தேன். பூங்கொடி சொன்னது சரிதான். திரையில் பெரிதாக 291. விசிறி உறுமிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே நெருப்பில்லை. வெளியே வந்து விழுந்த இலை ஈரமாக, துவைத்த துணி போலக் கிடந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து: K.

"நீ என்ன அடிச்சே?"

"எப்பவும் போல தொண்ணூத்தஞ்சுதான் அடிச்சேன். சனிக்கிழமையும் அதேதான் அடிச்சேன்."

அதற்குள் துரை வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"K-ன்னா ஆயிரம்தானே? சம்பளத்த அஞ்சு K, பத்து K-ன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி."

"அப்படின்னா ரெண்டு லட்சத்து தொண்ணூத்தோராயிரம் டிகிரியா துரை?" என்றேன்.

துரை கொஞ்சம் யோசித்தார். "சூரியன்கூட அவ்ளோ இருக்காதுல்ல?"

"இருக்காது துரை."

இலை அரைக்கும் ரோலரிலிருந்து வந்த ஒருத்தி, K என்றால் 'கோளாறு' என்றாள். மெஷின் வெளிநாட்டுக்காரனுடையது, அவனுக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று இன்னொருத்தி மடக்கினாள். இந்த நேரத்தில்தான் வாயிற்காவலர் முனியாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். முனியாண்டி அண்ணனுக்கு எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் உள்ளே வந்து நின்றாக வேண்டும். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"K-ன்னா கெச்செமாசான்!"

மலாய் மொழியில் கெச்செமாசான் என்றால் அவசர நிலை. எங்கள் தொழிற்சாலையில் தீயணைப்புக் கருவிக்கு மேலே சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் எழுதியிருக்கும். தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும் மனிதர் அவர். வேறு எந்தப் பொருளும் அவர் மனத்தில் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் அபாயச் சங்கை அழுத்திவிட்டார்.

தொழிற்சாலை மொத்தமும் தூறலில் வெளியே போய் வரிசையாக நின்றது. தலைக்கு மேலே பிளாஸ்டிக் கூடைகள். கீழே சாலையில் முட்டைக்கோஸ் லோரிகள் வேகத்தைக் குறைத்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போயின. உள்ளே, அரைத்து வைத்த இலை சிவந்து, சிவந்து, புளித்துக்கொண்டிருந்தது. அரைத்த இலை யாருக்காகவும் காத்திருக்காது. உரிய நேரத்தில் ட்ரையருக்குப் போகாவிட்டால் அது தேயிலையே இல்லை, குப்பை.

மலைக்குப் போ

துரை மழையில் நின்றபடியே ஆ லெங்குக்குப் போன் போட்டார். அவன் வந்துகொண்டுதான் இருந்தானாம். கோலா தெர்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லோரி கவிழ்ந்து சாலை முழுக்க முட்டைக்கோஸாம். சென்சார் ரோசாக் ஆகியிருக்கலாம், அதாவது கெட்டுப்போயிருக்கலாம், நான் வரும்வரை ஒன்றையும் தொடாதீர்கள் என்று மலாயில் கத்திவிட்டு வைத்துவிட்டான்.

துரைக்குத் தலைமை அலுவலகத்தை நினைத்துப் பயம். நாளை அவர்கள் போன் செய்து "புது மெஷின் எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயம் கோபமாக மாறி, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற பூங்கொடியின் மேல் பாய்ந்தது.

"சனிக்கிழம நல்லா ஓடுச்சு. இன்னிக்கி நீதான் மொத ஆளா கை வச்சே. எதையாவது மாத்தி அமுக்கியிருக்கே."

"தொண்ணூத்தஞ்சத் தவிர வேற எதையும் தொடல துரை."

"அப்ப பேயா வந்து மாத்துச்சு? நாளையிலேர்ந்து நீ மலைக்குப் போ. களை வெட்டு. மெஷின் வேல ஒனக்குச் சரிப்படாது."

மழையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்னார். அன்று சிரித்த அதே இரண்டொருவர் இப்போதும் உதட்டுக்குள் சிரித்தார்கள். பூங்கொடி எண்ணெய்ப் புட்டியின் மூடியை இறுக்கித் திருகி ஸ்வெட்டர் பைக்குள் போட்டாள். அவள் தாடை மட்டும் அசைந்தது.

அவள் பொய் சொல்லும் ஆளில்லை. ஆனால் நான் கிராணி. துரையிடம் சொல்வதற்கு என்னிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. K, K, K என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அப்போதுதான் பள்ளி நாள் நினைவில் சிக்கு நோராயினியின் குரல் கேட்டது.

உலகத்தில் இல்லாத குளிர்

சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். சிக்கு நோராயினி எனக்கு நாலாம் படிவத்தில் இயற்பியல் எடுத்தவர். குள்ளமான உருவம், பெரிய குரல். செல்சியஸிலிருந்து கெல்வினுக்கு மாற்றச் சொல்லி ஒருமுறை சோதனை வைத்தார். 273-ஐ நான் கூட்டுவதற்குப் பதில் கழித்து, விடையாக மைனஸ் இருநூற்றுச் சொச்சம் கெல்வின் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் என் தாளை வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார். "எல்லாரும் பாருங்க. இந்தப் பையன் உலகத்திலேயே இல்லாத ஒரு குளிரக் கண்டுபிடிச்சிருக்கான். பூஜ்யம் கெல்வின்தான் கடைசிக் குளிர். அதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. கெல்வினுக்கு மைனஸ் கிடையாது!" அன்றிலிருந்து பள்ளியில் என் பெயர் ஃபிரிட்ஜ். நல்லவேளை, சரோஜாவுக்கு அது இன்றுவரை தெரியாது. இந்த வாரம் இதைப் படித்ததும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்வார். கெல்வினுக்கு 'டிகிரி' என்று சேர்க்கவே கூடாது, வெறும் கெல்வின்தான் என்று. இந்த அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு இயற்பியல் ஆசிரியர்கள் எனக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருப்பார்கள். பேனாவைக் கீழே வையுங்கள் ஐயா. அன்று காலையில் எங்களுக்கு அது டிகிரிதான்.

யார் இந்தக் கெல்வின்

"துரை, அது கெல்வின்!" என்று கத்தினேன்.

"கெல்வினா? யாரு? பழைய வெள்ளக்காரத் துரையா?" என்றார் முனியாண்டி அண்ணன்.

எல்லோரும் மறுபடி உள்ளே போனோம். நான் விளக்கினேன். சூட்டை அளக்க இரண்டு முறை உண்டு. நாம் சொல்வது செல்சியஸ். தண்ணீர் உறைவது பூஜ்யம், கொதிப்பது நூறு. கெல்வின் என்பது அதே அளவுதான், ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் ரொம்பக் கீழே. இரண்டுக்கும் நடுவில் 273 வித்தியாசம்.

"அப்ப தொண்ணூத்தஞ்சுக்கு என்ன அடிக்கணும்?" என்றாள் பூங்கொடி.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கூட்டுவதா, கழிப்பதா? பள்ளியில் தப்பாகச் செய்தது நினைவிருக்கிறது. எது தப்பு என்பதுதான் குழம்பிவிட்டது. கைகள் தாமாகவே கழித்தன.

"மைனஸ் நூத்தி எழுவத்தெட்டு" என்றேன்.

பூங்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மைனஸ்ல எப்படி கிராணி எலை காயும்? பெங்குவின்தான் வந்து நிக்கும்."

திரையில் மைனஸ் பொத்தானைத் தேடினோம். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் மண்டையில் பளிச்சென்றது. கெல்வினுக்கு மைனஸ் கிடையாது! அப்படியானால் கூட்டத்தான் வேண்டும். சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். பதினெட்டு.

"பதினெட்டோட எரநூத்தி எழுவத்தி மூணக் கூட்டு!"

பூங்கொடி உள்ளங்கையில் விரலால் எழுதிக் கூட்டினாள். "எரநூத்தித் தொண்ணூத்தொண்ணு." தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தாள். "ஐயோ, அதேதான் லா!"

பெட்டிக்கு ஒரு நோயும் இல்லை. உள்ளே இருந்த காற்றின் குளிரைத்தான் அது உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் 95 என்று அடித்ததை 95 கெல்வின் என்று எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே 291 இருக்கிறதே, கேட்டதைவிட அதிகமாயிற்றே, நெருப்பு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டது. அதன் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"தொண்ணூத்தஞ்சுக்கு முன்னூத்தி அறுபத்தெட்டு அடிக்கணும்" என்றேன்.

துரை பதறிவிட்டார். "முன்னூத்தி அறுபத்தெட்டா? எலை சாம்பலாயிடும்! மெஷினும் சேந்து எரியும். எரிஞ்சா யாரு பொறுப்பு?"

கூட்டம் என்னைப் பார்த்தது. எனக்குக் கணக்கு சரி என்று தெரியும். ஆனால் அதே கணக்கைக் கொஞ்சம் முன்னால் மைனஸ் என்றும் சொன்னவன் நான்.

பூங்கொடி முன்னால் வந்தாள். "எரிஞ்சா நான் மலைக்குப் போறேன் துரை. எப்படியும் அனுப்பிட்டீங்கதானே."

துரை மறுத்துப் பேசுவதற்குள் அவள் விரல் 3, 6, 8 என்று தட்டிவிட்டது.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டியின் வயிற்றுக்குள் 'புஸ்' என்றொரு சத்தம். நெருப்பு பிடித்துக்கொண்டது. எண் ஏறத் தொடங்கியது. 295. 300. முந்நூறைத் தொட்டதும் யாரோ கைதட்டினார்கள். பந்து விளையாட்டின் கோல் கணக்குபோல எல்லோரும் சேர்ந்து எண்ணை உரக்க வாசித்தார்கள். 340-ல் முனியாண்டி அண்ணன் சங்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

368-ல் எண் நின்றது.

பூங்கொடி புது இலையை உள்ளே விட்டாள். அது கறுத்து, முறுகி, சரசரவென்று தட்டில் வந்து விழுந்தது. அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நல்ல தேயிலை. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

துரையும் முகர்ந்தார். பிறகு தன் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல எரநூத்தி எழுவத்தி மூணு பாயிண்ட் ஒண்ணு அஞ்சுன்னு போட்டிருக்கே. அந்தப் பாயிண்ட் ஒண்ணு அஞ்சு எங்க போச்சு?"

"அதத் தேயிலை கண்டுக்காது துரை."

"நம்ம கண்டுக்கணும்ல கிராணி."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "சரி, செல்சியஸ்ல இருந்தத கெல்வினா மாத்தினது யாரு?" என்று பூங்கொடியின் பக்கம் திரும்பினார். "அது தெரியற வரைக்கும் நான் சொன்னது சொன்னதுதான்."

கெல்வின் வாரம்

மறுநாள் பூங்கொடி களைக்கொத்தோடு மலையேறினாள். கெல்வின் தெரிந்த ஒரே ஆள் என்று என்னைப் பிடித்து ட்ரையரில் போட்டுவிட்டார் துரை. ஆ லெங் வரவில்லை. முட்டைக்கோஸை அள்ளி முடித்த நேரத்தில் ஈப்போவிலிருந்து வரும் சிம்பாங் பூலாய் சாலையில் மண் சரிந்துவிட்டதாம், வழி திறக்க ஒரு வாரமாகும் என்றான். அதுவரை எவரும் அளவை மாற்றக்கூடாது என்று துரை திரைக்கு மேலே 'ஜங்ஙான் செந்தோ' என்று அட்டையில் எழுதி ஒட்டினார். தொடாதே என்று பொருள். தொடாமல் அதை ஓட்டுவது எப்படி என்று நான் கேட்டதற்கு, அட்டையை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார்.

பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். டீ நேரத்தில் வடை என்னைத் தாண்டிப் போனது. தினமும் எனக்கு இரண்டு வடை கொடுப்பவள், என் முகத்துக்கு நேரே அதைத் தின்றாள். சன்னல் வழியாகப் பார்த்தால் தேயிலைச் சரிவில் பூங்கொடியின் சிவப்புத் தொப்பி தெரியும். ஒருமுறை நான் கையை ஆட்டினேன். அவள் களைக்கொத்தை ஆட்டினாள். அது வாழ்த்தா, மிரட்டலா என்று புரியவில்லை.

ஆனால் கெல்வின் மட்டும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. காலையில் ஒருவருக்கொருவர், "இன்னிக்கி எரநூத்தி எம்பத்தெட்டுதான் லா, ஸ்வெட்டர் போட்டுக்க" என்று சொல்லிக்கொண்டார்கள். கடையில் ஒருவர் டீ சூடாக இல்லை என்று சண்டை போட்டு, "முன்னூத்தி அம்பதுக்குக் கொறஞ்சா நான் குடிக்க மாட்டேன்" என்றார். முருகன் கோயில் பூசாரிகூட என்னைக் கூப்பிட்டு, கற்பூரம் எத்தனை கெல்வின் என்று கேட்டார்.

சரோஜா எஸ்டேட் மருந்தகத்தில் வேலை பார்த்தாள். வியாழனோ வெள்ளியோ, முனியாண்டி அண்ணனிடமிருந்து அவளுக்குப் போன்.

"தங்கச்சி, எம் பொண்டாட்டிக்குக் காய்ச்சல். முன்னூத்தி பதினொண்ணு!"

"என்னண்ணே, முன்னூத்தி பதினொண்ணா? தெர்மாமீட்டர்ல அவ்ளோ நம்பரே கிடையாதே."

"முப்பத்தெட்டுன்னுதான் காட்டுச்சு. நான்தான் சரியா கூட்டிச் சொல்றேன்."

அன்று மாலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அப்போதுதான் வீட்டுக்கு வந்த சரோஜா கைப்பையைக்கூட வைக்கவில்லை. "ஒங்க கெல்வின செருப்போட சேத்து வெளியவே விட்டுட்டு உள்ள வாங்க" என்றாள்.

பிறகு கொஞ்சம் தணிந்து, "அந்தப் பூங்கொடி மழையில நனைஞ்சு இருமுறா. மருந்து வாங்க வந்தா. நீங்க துரைகிட்ட பேசவே இல்லையா?" என்று கேட்டாள்.

பேசியிருந்தேன். தினமும் பேசினேன். "அவ இல்லன்னா யாரு கிராணி? பேர் சொல்லுங்க" என்பார் துரை ஒவ்வொரு முறையும். நான் ட்ரையருக்குத் திரும்பிவிடுவேன்.

அப்படியே இருங்க துரை

ஒருவழியாகச் சாலை திறந்து ஆ லெங் வந்து சேர்ந்தான். அட்டையைப் பிய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தான். சிரித்தான். மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றான். எண்ணின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் செல்சியஸ் கெல்வினாகிவிடும். யாரோ நன்றாக அழுத்தியிருக்கிறார்கள்.

"நான் சொன்னேன்ல?" என்றார் துரை என்னிடம். "விரல வச்சு அழுத்தியிருக்கா."

முனியாண்டி அண்ணன் வழக்கம்போல எங்களோடு நின்றுகொண்டிருந்தார். எதையோ நினைத்துக்கொண்டு அவர் முகம் மலர்ந்தது.

"கொஞ்ச நேரம்னா, பூசை அன்னிக்கி நீங்க அழுத்துனீங்களே துரை, அந்த மாதிரியா?"

"எப்போ?"

"பொட்டு வச்சப்போ! நான் வீடியோ புடிக்கிறேன், அப்படியே இருங்க துரைன்னு சொன்னேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே அப்படியே இருந்தீங்க. ரொம்ப நல்லா வந்துச்சு லா. பாருங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கு அது என்ன வீடியோ என்று தெரியாது. தன் படப்பிடிப்பைப் பாராட்டுவார்கள் என்றுதான் போனை நீட்டினார்.

வீடியோவில் துரை பட்டு வேட்டியில் இருந்தார். குளிருக்கு உள்ளே போட்ட காற்சட்டை வேட்டிக்குக் கீழே எட்டிப் பார்த்தது. திரையில் 18 என்று தெளிவாகத் தெரிந்தது. பூசாரி சந்தனக் கிண்ணத்தை நீட்ட, துரை அதில் விரலை முக்கி, சரியாக அந்த எண்ணின் மேல் வைத்து, கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். "அப்படியே இருங்க துரை" என்றது முனியாண்டி அண்ணனின் குரல். துரை இருந்தார். விரலும் இருந்தது. மெஷின் 'டிங்' என்றது. "சாமி உத்தரவு கொடுத்துட்டாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். விரலை எடுத்தபோது வட்டமான சந்தனப் பொட்டு. அதன் ஓரத்தில் 291-இன் கடைசி எண்ணான 1 மட்டும் எட்டிப் பார்த்தது. மெஷினை அணைத்த பிறகுதான் பொட்டைத் துடைத்தோம்.

ஆ லெங் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கிராணி சிரிக்கக்கூடாது. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன்.

துரை வீடியோவை இன்னொரு முறை பார்த்தார். காது மடல் சிவந்தது. வெகுநேரம் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சும்மா சொல்லக்கூடாது. வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. "பூங்கொடிய வரச் சொல்லுங்க" என்றார்.

அவள் முழங்கால்வரை சேறோடு வந்தாள். தோளில் களைக்கொத்து. துரை அவளை ட்ரையருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். விசிறியின் உறுமலில் மற்றவர்களுக்குக் கேட்காது என்ற கணக்கு. என்னவோ சொன்னார்.

"கேக்கல துரை" என்றாள் பூங்கொடி.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"மெஷின் சத்தம் துரை. ஒண்ணும் கேக்கல."

துரை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அதே நேரத்தில், அளவை மாற்றுவதற்காக ஆ லெங் பின்பக்கம் போய் விசிறியை நிறுத்தினான்.

"மன்னிச்சிரு பூங்கொடி! தப்பு என்னோடதுதான்!"

அந்த நிசப்தத்தில் துரையின் குரல் கூரையில் மோதி எதிரொலித்தது. ரோலர் பெண்கள் திரும்பினார்கள். வெளியே எடை போடும் இடத்தில் கொழுந்துக் கூடையோடு நின்றவர்கள் திரும்பினார்கள். சாலையில் ஒரு லோரி நின்றேவிட்டது. அன்று சிரித்த இரண்டொருவர் சட்டென்று தரையைப் பார்த்தார்கள்.

"இப்ப நல்லா கேக்குது துரை" என்றாள் பூங்கொடி.

களைக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். சேற்றுக் கையை ஸ்வெட்டரில் துடைத்தாள். ஆ லெங் எண்ணின் மேல் விரலை வைக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"மாத்தாதே. கெல்வினாவே இருக்கட்டும்."

"ஏம்மா? செல்சியஸ்தானே ஈசி?" என்றார் துரை.

"அதனாலதான் துரை. ஈசியா இருந்தா ஆளாளுக்கு விரல வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் 3, 6, 8 என்று அடித்தாள்.